ஒரு மில்லிமீட்டர்: மலக்குடல் கட்டியும் அறுவைக்கு முந்தைய எம்.ஆர்.ஐ. ஸ்கேனும்



செரிமானப் பாதையில் வரும் கட்டிகளின் அபாயத்தை அறுவைக்கு முன்பே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் எடைபோடுவது குறித்துப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பாதை முழுவதையும் ஒரு மாலைக்குள் பேசிமுடிக்க முடியாது, பேசவும் தேவையில்லை. உணவுக்குழாய், இரைப்பை, பெருங்குடலின் மேற்பகுதி ஆகியவற்றுக்கு எண்டோஸ்கோப்பியும் சி.டி. ஸ்கேனும்தான் இன்றும் முதன்மையான சோதனைகள். கல்லீரலில் பரவிய சிறு முடிச்சுகளையும் பித்தநாள அடைப்புகளையும் காண எம்.ஆர்.ஐ. பெரிதும் உதவுகிறது. ஆனால் சிகிச்சை முறையையே இந்த ஸ்கேன் மாற்றியமைத்த உறுப்பு ஒன்று உண்டு. பெருங்குடலின் கடைசிப் பகுதியான, ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுள்ள மலக்குடல்தான் அது. அதைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். அந்த உறுப்பைப் பற்றி வாய்திறக்க நம்மவர்கள் கூசுகிறார்கள் என்பதும் நான் அதைத் தேர்ந்துகொண்டதற்கு ஒரு காரணம்.

மலத்தோடு இரத்தம் வந்தால் நம் ஊரில் முதலில் நினைப்பது மூலம் என்றுதான். பேருந்து நிலையச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் ‘மூலம், பௌத்திரம்’ என்று எழுதிய விளம்பரங்களைப் பார்க்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். மாதக்கணக்கில் களிம்பு, லேகியம், உணவுப் பத்தியம் என்று கழியும். கடைசியில் ஒரு மருத்துவர் கையுறை மாட்டிய விரலால் சோதிக்கும்போது கட்டி தட்டுப்படும். இந்தியாவில் இந்த நோய் முதியவர்களோடு நிற்பதில்லை. 40 வயதைத் தொடாதவர்களும் கணிசமாக வருகிறார்கள். கட்டியே சளி போன்ற பொருளைச் சுரக்கும் மூர்க்கமான வகைகள் இளையவர்களிடம் கூடுதலாகத் தென்படுகின்றன. ஆகவே நான் சொல்லப்போவது வேலைக்குப் போகிற, பிள்ளை வளர்க்கிற, இன்னும் பல ஆண்டுகள் வாழவேண்டிய மனிதர்களைப் பற்றியது.

மலக்குடல் இருக்கும் இடம் மிகக் குறுகலானது. சுற்றிலும் இடுப்பெலும்பு. முன்னால் ஆணுக்குச் சிறுநீர்ப்பையும் புராஸ்டேட் சுரப்பியும். பெண்ணுக்குக் கருப்பையும் யோனியும். பின்னால் முதுகெலும்பின் அடிப்பகுதி. இருபக்கமும் சிறுநீர் கழிப்பதையும் தாம்பத்திய உறவையும் ஆளும் நரம்புகள். வயிற்றின் மேல்பகுதியில் ஒரு கட்டி வந்தால் அதைச் சுற்றித் தாராளமாக இடம்விட்டு வெட்டி எடுக்கலாம். இங்கே அந்தத் தாராளத்துக்கு இடமில்லை. குடலைச் சுற்றி ஒரு கொழுப்புத் திரள் இருக்கிறது. கட்டியிலிருந்து கிளம்பும் செல்கள் முதலில் சென்று தங்கும் நிணநீர்க் கணுக்களும் இரத்தநாளங்களும் அதற்குள்தான் உள்ளன. இந்தத் திரளை மீசோரெக்டம் என்கிறோம். அதன் வெளிப்புறத்தைக் கண்ணாடித்தாள் கனத்தில் ஒரு சவ்வு மூடியிருக்கிறது. இன்றைய பேச்சு முழுவதும் அந்தச் சவ்வைச் சுற்றியே வரும்.

லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் எர்னஸ்ட் மைல்ஸ், வயிற்றின் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் மலக்குடலை முழுதாக அகற்றும் முறையை 1908-ல் வெளியிட்டார். நோயாளிக்கு வயிற்றில் நிரந்தரமாகப் பை வந்துவிடும். ஆனாலும் உயிர் பிழைக்க வழி கிடைத்தது. அதன்பிறகு கருவிகள் மேம்பட்டன, மயக்க மருந்து மேம்பட்டது, குடலை மீண்டும் இணைத்துத் தைக்கும் நுட்பமும் வந்தது. ஒரு துயரம் மட்டும் தீரவில்லை: அறுவை முடிந்து ஓரிரு ஆண்டுகளில் கட்டி அதே இடத்தில், இடுப்புக் குழிக்குள், மீண்டும் முளைத்தது. 1997-ல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வில், அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் 27 விழுக்காட்டினருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் இப்படித் திரும்பியது. நான்கு பேரில் ஒருவருக்கும் மேல். இடுப்புக்குள் திரும்பும் கட்டி நரம்புகளை நெரிக்கும். உட்கார முடியாது, படுக்க முடியாது, மார்ஃபின் கொடுத்தும் வலி அடங்காது. அதைப் பார்த்த எந்த மருத்துவரும் மறப்பதில்லை.

ஏன் திரும்புகிறது என்ற கேள்விக்கு இங்கிலாந்தின் இரு ஊர்களிலிருந்து விடை வந்தது. பேசிங்ஸ்டோக் என்ற சிறு நகரின் மருத்துவமனையில் பணியாற்றிய பில் ஹீல்ட், 1982-ல் தம் குழுவினருடன் ஒரு கட்டுரை வெளியிட்டார். கட்டி திரும்புவதற்குக் காரணம் கட்டியின் மூர்க்கம் மட்டும் அல்ல. கொழுப்புத் திரளில் ஒரு பகுதியை உள்ளேயே விட்டுவிடுகிறோம் என்பது அவர் கருத்து. கையை விட்டுக் கிழித்துப் பிரித்தெடுப்பதே அன்றைய வழக்கமாக இருந்தது. அவரோ, சவ்வுக்கு வெளியே இயல்பாகவே இருக்கும் தளத்தை நேராகப் பார்த்து, கூரிய கருவியால் பிரித்து, சவ்வு கிழியாமல் குடலையும் கொழுப்பையும் ஒரே பொட்டலமாக வெளியே எடுத்தார். நுங்கை ஓட்டிலிருந்து நோண்டும்போது தோல் கிழிந்தால் உள்ளிருக்கும் நீர் சிந்திவிடும். தோல் கிழியாமல் எடுக்கத் தெரிந்த கைக்குத்தான் முழு நுங்கு கிடைக்கும். ஹீல்ட் கேட்டதும் அத்தகைய கையைத்தான். அவர் ஊர் ஊராகச் சென்று இதைக் கற்பித்தார். ஸ்டாக்ஹோம் வட்டாரத்தில் நடந்த பயிற்சிக்குப் பின் கட்டி திரும்பும் விகிதம் ஏறத்தாழ 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காட்டுக்கு இறங்கியதாக 2000-ல் அங்குள்ளவர்கள் பதிவுசெய்தார்கள். ஒரு மருந்தும் மாறவில்லை, கைகள் மாறின.

மற்றொரு விடை லீட்ஸ் நகரத்து ஆய்வகத்திலிருந்து வந்தது. நோய்க்குறியியல் வல்லுநர் ஃபில் குவர்க், வெட்டியெடுத்த மலக்குடலைக் குறுக்கே வளையம் வளையமாக அரிந்து, கட்டி பக்கவாட்டில் எதுவரை சென்றிருக்கிறது என்று பார்த்தார். அதுவரை பெரும்பாலும் குடலின் மேல்முனையையும் கீழ்முனையையும்தான் பார்த்துவந்தார்கள். பக்கவாட்டை யாரும் பொருட்படுத்தவில்லை. 1986-ல் வெளியான அவருடைய ஆய்வில் இருந்தவர்கள் 52 பேர். 14 பேருக்குக் கட்டி பக்கவாட்டு வெட்டு விளிம்பைத் தொட்டிருந்தது. அவர்களில் 12 பேருக்கு இடுப்பில் கட்டி திரும்பியது. விளிம்பு சுத்தமாக இருந்த மற்ற 38 பேரில் ஒருவருக்கு மட்டுமே திரும்பியது. சின்ன ஆய்வுதான். ஆனால் 14-க்கு 12, 38-க்கு 1 என்ற இந்த இரண்டு எண்களை மருத்துவ மாணவர்கள் மனத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். கட்டியின் பருமன் இரண்டாம்பட்சம். கட்டிக்கும் கத்தி சென்ற பாதைக்கும் நடுவே இருந்த இடைவெளிதான் அந்த மனிதரின் தலையெழுத்தைத் தீர்மானித்திருக்கிறது. அந்த இடைவெளி 1 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் விளிம்பில் நோய் இருப்பதாகவே கொள்வது பின்னர் நிலைத்த வழக்கமாயிற்று.

ஆனால் குவர்க் சொன்னது அறுவை முடிந்த பிறகு தெரியும் செய்தி. குடல் ஆய்வக மேசைக்கு வந்துவிட்டது, நோயாளி வார்டில் படுத்திருக்கிறார், இடைவெளி அரை மில்லிமீட்டர்தான் என்று அறிக்கை வருகிறது. இனி என்ன செய்வது? அறுவைக்குப் பிறகு கொடுக்கும் கதிர்வீச்சு குறைவாகப் பயன்படுகிறது, அதிகமாகத் துன்புறுத்துகிறது. ஜெர்மனியில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், கதிர்வீச்சையும் கீமோதெரபியையும் முன்னதாகக் கொடுத்தவர்களில் 6 விழுக்காட்டினருக்கும், பின்னதாகக் கொடுத்தவர்களில் 13 விழுக்காட்டினருக்கும் கட்டி அதே இடத்தில் திரும்பியது. அதே சிகிச்சைதான், கொடுத்த நேரம் மட்டுமே வேறு. அப்படியானால் ஆய்வக மேசையில் கிடைக்கும் அந்த அளவு, கத்தி எடுப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. இந்தக் கதைக்குள் நுழைவது இந்தத் தேவையால்தான்.

காந்த ஒத்ததிர்வைப் படமாக்கலாம் என்று அமெரிக்க வேதியியலர் பால் லாட்டர்பர் 1973-ல் காட்டினார். பிரிட்டன் இயற்பியலர் பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் அதை விரைவுபடுத்தினார். இருவருக்கும் 2003-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நம் உடலின் நீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் நிறைந்திருக்கிறது. பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமையான 1.5 டெஸ்லா காந்தத்துக்குள் ஒருவரைப் படுக்கவைத்து ரேடியோ அலைகளைச் செலுத்தினால், அந்த ஹைட்ரஜன் அணுக்கள் மெல்லிய சமிக்ஞையைத் திருப்பித் தருகின்றன. நீரிலிருந்து வருவதும் கொழுப்பிலிருந்து வருவதும் தசையிலிருந்து வருவதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்த வேறுபாடுகளே படம். எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் உள்ள கதிர்வீச்சு இதில் இல்லை.

மலக்குடல் விஷயத்தில் தொடக்ககால எம்.ஆர்.ஐ. ஏமாற்றமளித்தது. குறுக்குவெட்டுப் படலங்கள் தடிமனாக இருந்தன. குடல் சுவரின் அடுக்குகள் கலங்கித் தெரிந்தன. சமிக்ஞையைப் பிடிக்கும் ஒரு கம்பிச்சுருளை ஆசனவாய் வழியாக உள்ளே செலுத்திப் படமெடுத்தும் பார்த்தார்கள். கட்டி குடலைக் குறுக்கியிருந்தால் அது நுழையாது. நுழைந்தாலும் தொலைவில் இருக்கும் சவ்வு தெரியாது. 1990-களின் இறுதியில் கார்டிஃப் நகரில் ஜினா பிரௌன் என்ற இளம் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்தச் சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தார்கள். உடலுக்கு வெளியே வைக்கும் சுருளே போதும்; ஆனால் 3 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய படலங்களாக, சிறிய பரப்பில், பொறுமையாக நேரம் எடுத்து, கட்டியின் அச்சுக்குச் சரியான செங்குத்துக் கோணத்தில் படமெடுக்க வேண்டும். 1999-ல் அவர்கள் வெளியிட்ட படங்களை ஆய்வகத்தில் அரிந்த வளையங்களோடு அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போயின. அறிவியலில் இப்படிப்பட்ட முன்னேற்றம் என்னை எப்போதும் நெகிழ வைக்கும். புதிய இயந்திரம் எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. இருந்த இயந்திரத்திடம் சரியான கேள்வியைச் சரியான கோணத்திலிருந்து கேட்டார்கள்.

அந்தப் படத்தில் என்ன தெரியும்? கொழுப்பு வெண்மையாகத் தெரியும். குடலின் தசைச்சுவர் கருமையாக ஒரு வளையம். கட்டி இரண்டுக்கும் நடுவிலான சாம்பல் நிறம். வெண்மையான கொழுப்பின் ஓரத்தில், மையிட்டதுபோல் மெல்லிய கருங்கோடு ஒன்று ஓடும்; அதுதான் சவ்வு. அறுவை மருத்துவரின் கருவி நாளை செல்லப்போகும் பாதை. சாம்பல் நிறம் கருவளையத்தை உடைத்துக்கொண்டு வெண்மைக்குள் எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது, அங்கிருந்து அந்தக் கருங்கோட்டுக்கு எவ்வளவு மிச்சம் என்பதைத் திரையிலேயே அளந்துவிடலாம்.

எவ்வளவு மிச்சம் இருந்தால் போதும் என்பதில் சில ஆண்டுகள் வாதம் நடந்தது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் ரெஜினா பீட்ஸ்-டான் குழுவினர் 76 நோயாளிகளை ஆராய்ந்து 2001-ல் எழுதினார்கள்: ஸ்கேனில் 5 மி.மீ. இடைவெளி தெரிந்தால், வெட்டு விளிம்பில் குறைந்தது 1 மி.மீ. சுத்தமாக இருக்கும் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். எச்சரிக்கையான கணக்கு. ஆனால் 5 மி.மீ. என்று வைத்தால் இடைவெளி 2 மி.மீ., 3 மி.மீ., 4 மி.மீ. உள்ள அத்தனை பேருக்கும் கதிர்வீச்சு போய்ச்சேரும். இதைத் தீர்க்க மெர்குரி என்ற ஆய்வு உதவியது. நான்கு ஐரோப்பிய நாடுகளின் 11 மையங்கள், 408 நோயாளிகள். முதல் முடிவுகள் 2006-ல் வெளிவந்தன. விளிம்பு சுத்தமாக அமைந்தவர்களில் 92 விழுக்காட்டினரை ஸ்கேன் முன்கூட்டியே சரியாகச் சொல்லியிருந்தது. கட்டி குடல்சுவருக்கு வெளியே சென்ற ஆழத்தை, ஆய்வக அளவுக்கு அரை மில்லிமீட்டர் வேறுபாட்டுக்குள் அது சொன்னதென்று அடுத்த ஆண்டு காட்டினார்கள். பின்னர் 2011-ல், ஸ்கேனிலும் 1 மி.மீ. தான் பாதுகாப்பான எல்லை, அதற்குமேல் கூட்டத் தேவையில்லை என்று அதே ஆய்வுக் குழு நிறுவியது. ஐந்திலிருந்து ஒன்றுக்கு. நான்கு மில்லிமீட்டர் என்பது பேச்சுக்குச் சின்ன தூரம். அந்த நான்குக்குள் தேவையில்லாத கதிர்வீச்சிலிருந்து தப்பிய எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

2014-ல் மெர்குரி ஆய்வின் ஐந்தாண்டு முடிவுகள் வந்தன. அறுவைக்கு முந்தைய ஸ்கேனில் விளிம்பு சுத்தமாகத் தெரிந்தவர்களில் 62 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தார்கள். விளிம்பு தொடப்பட்டதாகத் தெரிந்தவர்களில் 42 விழுக்காட்டினர்.

விளிம்பு ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது. அபாயம் இரண்டு வகை. கட்டி அதே இடத்தில் திரும்புவது ஒன்று. கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ போய்விடுவது மற்றொன்று. முதலாவதை விளிம்பு சொல்கிறது. இரண்டாவதைச் சொல்ல வேறு அடையாளங்கள் உண்டு. குடல்சுவரைத் தாண்டிய ஆழம் அதில் முக்கியமானது. ஜெர்மனியின் எர்லாங்கன் மருத்துவர்கள் 2001-ல் காட்டியபடி, ஒரே கட்டமாக எண்ணப்படும் நோயாளிகளுக்குள்ளேயே, 5 மி.மீ. வரை ஆழம் சென்றவர்களில் 85 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளில் இந்த நோயால் இறக்கவில்லை, 5 மி.மீ. தாண்டியவர்களில் அந்த எண் 54 ஆக இறங்கியது. பழைய வழக்கப்படி ‘மூன்றாம் நிலைக் கட்டி’ என்று மட்டும் எழுதிவிட்டால் இந்த இரு வகையினரும் ஒரே பெட்டிக்குள் அடைபட்டுவிடுவார்கள். அதற்கடுத்து, கட்டி குடலுக்கு வெளியே உள்ள இரத்தநாளத்துக்குள் புகுந்திருக்கிறதா என்பது. எம்.ஆர்.ஐ.யில் இரத்தம் ஓடும் நாளம் கருமையாகத் தெரியும். அதற்குள் சாம்பல் நிறம் நிரம்பி, நாளம் புடைத்து, ஓரம் ஒழுங்கிழந்து கிடந்தால், நோய் பயணம் புறப்பட்டிருக்கக்கூடும். அப்படித் தெரிந்தால் நுரையீரலையும் கல்லீரலையும் இன்னும் கவனமாகத் தேடச் சொல்வோம். அறுவைக்கு முன்பே கீமோதெரபி பற்றி யோசிப்போம்.

நிணநீர்க் கணுக்கள் விஷயத்தில் ஸ்கேனின் சொல்லை அளவோடு நம்ப வேண்டும். பெரிதாக இருக்கும் கணு வெறும் அழற்சியாக இருக்கலாம்; சிறிய கணுவுக்குள் நோய் ஒளிந்திருக்கலாம். அளவைவிட ஓரம் சீராக இருக்கிறதா, உட்புறம் ஒரே நிறமாக இருக்கிறதா என்பது மேலான குறி. அப்படியும் பிழைகள் நேரும். கணு பெரிதாகத் தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை ஐந்து வாரக் கதிர்வீச்சுக்கு அனுப்புவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. மிகத் தொடக்க நிலைக் கட்டிகளில், சுவரின் மேலடுக்குக்குள் மட்டும் இருக்கிறதா என்று பிரித்தறிய, மலக்குடல் வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்ட் பெரும்பாலும் சிறந்தது. ஆசனவாயை ஒட்டிய தாழ்ந்த கட்டிகள் தனிச் சிக்கல். அங்கே கொழுப்புத் திரள் மெலிந்து மறைந்துவிடுவதால் சுருக்குத்தசையை ஒட்டிய தளத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். வயிற்றில் நிரந்தரப் பை வருமா, வராதா என்பது பெரும்பாலும் அந்தப் படங்களில் தீர்மானமாகும்.

இப்போது கதிர்வீச்சுக்கு வருகிறேன். நெதர்லாந்தில் 1,800-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடந்த ஆய்வு 2001-ல் வெளியானது. ஹீல்ட் முறையில் நல்ல அறுவை எல்லோருக்கும். பாதிப்பேருக்கு மட்டும் அதற்கு முன் ஐந்து நாள் கதிர்வீச்சு. இரண்டு ஆண்டுகளில் கட்டி திரும்பியது கதிர்வீச்சு பெற்றவர்களில் 2.4 விழுக்காடு, பெறாதவர்களில் 8.2 விழுக்காடு. பத்தாண்டுகளில் முறையே 5 விழுக்காடு, 11 விழுக்காடு. வெற்றிதான். ஆனால் ஒட்டுமொத்த ஆயுளில் வேறுபாடு இல்லை. நூறு பேருக்குக் கதிர்வீச்சு கொடுத்து ஆறு பேருக்குக் கட்டி திரும்பாமல் காத்தோம். மற்ற 94 பேரின் நிலை? இடுப்பில் விழும் கதிர்வீச்சு இளம்பெண்ணின் சூலகத்தைச் செயலிழக்கச் செய்யும், மாதவிடாய் நின்றுவிடும். ஆணின் தாம்பத்திய வாழ்வு பாதிக்கப்படும். மலத்தை அடக்க முடியாமல் ஒரு நாளைக்குப் பலமுறை கழிப்பறைக்கு ஓடுபவர்கள் இருக்கிறார்கள். பேருந்துப் பயணம், கோயில் திருவிழா, உறவினர் வீட்டுத் திருமணம் எல்லாவற்றையும் கைவிட்டு வீட்டுக்குள்ளேயே அடைந்துவிடுகிறார்கள். மருத்துவ அறிக்கையில் இதற்கெல்லாம் ஒரு வரிகூட இருப்பதில்லை.

எம்.ஆர்.ஐ.யின் பெருமை ஆபத்தைக் காட்டுவதில் பாதிதான். மறுபாதி ஆபத்து இல்லாதவரை விட்டுவிடச் சொல்வதில் இருக்கிறது. மெர்குரி ஆய்வில், ஸ்கேனைப் பார்த்து நல்ல நிலையில் உள்ளவர்கள் என்று வகைப்படுத்திக் கதிர்வீச்சு இல்லாமல் நேராக அறுவைக்கு அனுப்பப்பட்ட 122 பேரில் கட்டி அதே இடத்தில் திரும்பியது 3 விழுக்காட்டினருக்கு மட்டுமே. கனடாவில் இதே கேள்வியுடன் 82 பேரைக் கொண்டு நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், நான்கு பேருக்கு மட்டும் வெட்டு விளிம்பில் நோய் இருந்தது. அமெரிக்காவில் 2023-ல் வெளியான பெரிய ஆய்வொன்று, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு முதலில் கீமோதெரபி கொடுத்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அறுவைக்கு முந்தைய கதிர்வீச்சே தேவைப்படவில்லை, முடிவுகளும் குறையவில்லை என்று காட்டியது. ஒருவருக்குச் சிகிச்சையைக் கூட்டுவதற்குத் துணிவு வேண்டியதில்லை. குறைப்பதற்கு வேண்டும். அந்தத் துணிவுக்கு ஆதாரம் கையில் இருக்கிறது. அளந்து எழுதிய மில்லிமீட்டர்தான் அந்த ஆதாரம்.

விளிம்பைத் தொட்டிருக்கிறது என்று ஸ்கேன் சொன்னால்? அப்போது கதிர்வீச்சும் கீமோதெரபியும் முதலில், அறுவை பிறகு. சில வாரங்கள் இடைவெளி விட்டு மீண்டும் எம்.ஆர்.ஐ. எடுப்போம். சாம்பல் நிறக் கட்டி சுருங்கி, அந்த இடத்தில் தழும்பு கருமையாகத் தெரிந்தால் சிகிச்சை வேலை செய்திருக்கிறது. நெருக்கமாகச் செல்கள் குவிந்திருக்கும் இடத்தில் நீர் மூலக்கூறுகள் தடையின்றி நகர முடியாது. அந்தத் தடையைப் படமாக்கும் முறையும் இங்கே துணைசெய்கிறது. தழும்புக்குள் ஒளிந்திருக்கும் சில செல்களை எந்த ஸ்கேனாலும் காண முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சிலருக்குக் கட்டி முழுவதுமாகவே மறைந்துவிடும். சாவ் பாவ்லோ நகரின் அறுவை மருத்துவர் அஞ்செலிட்டா ஹாப்ர்-காமா, இல்லாத கட்டிக்காக ஏன் குடலை எடுக்க வேண்டும் என்று கேட்டார். 2004-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில், சிகிச்சை பெற்ற 265 பேரில் கட்டி மறைந்துபோன 71 பேரை அறுவை செய்யாமல் கண்காணித்திருந்தார். அறுவை உலகம் அவரை நம்ப மறுத்தது. இன்று அது ஏற்கப்பட்ட வழி. இப்படிக் கண்காணிக்கப்பட்ட 880 பேரின் பன்னாட்டுப் பதிவேடு 2018-ல் வெளியானது: இரண்டு ஆண்டுகளில் நான்கில் ஒருவருக்குக் கட்டி மீண்டும் முளைத்தது, முளைத்தவற்றில் 88 விழுக்காடு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள், 97 விழுக்காடு குடல்சுவரிலேயே. அதாவது விரலுக்கும் எண்டோஸ்கோப்பிக்கும் எட்டும் இடத்தில். ஆகவே முதல் இரண்டு ஆண்டுகள் சில மாதங்களுக்கு ஒருமுறை தவறாமல் வர வேண்டும். வேலை கெடும், பேருந்துச் செலவு ஆகும், அறிகுறி ஏதுமில்லாதபோது வரத் தோன்றாது. வரமுடியாதவருக்கு இந்த வழியைக் காட்டுவது நியாயமா என்று ஒவ்வொருவர் விஷயத்திலும் அவருடைய வீட்டு நிலைமையைக் கேட்டறிந்து முடிவு செய்ய வேண்டும்.

நம் நிலைமைக்கு வருவோம். எம்.ஆர்.ஐ. இயந்திரம் இப்போது மாவட்டத் தலைநகரங்களிலும் வந்துவிட்டது. எல்லா எம்.ஆர்.ஐ.யும் ஒன்றல்ல. பொதுவாக இடுப்புக்கு எடுக்கும் படத்தில் நான் சொன்ன கருங்கோடு தெரியாது. கட்டியின் அச்சைக் கண்டு அதற்குச் செங்குத்தாகப் படலங்களை அமைக்காவிட்டால், தசை வளையம் கலங்கி, கட்டி வெளியே போய்விட்டதுபோல் பொய்யாகத் தோன்றும். குடல் வளைந்து செல்லும் உறுப்பு. இந்தக் கோணத்தை ஸ்கேன் அறைத் தொழில்நுட்பர் ஒவ்வொருவருக்கும் புதிதாக அமைக்க வேண்டும். அவரிடம் கட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று யாரும் சொல்லியனுப்பாவிட்டால் அவர் என்ன செய்வார்? சீட்டில் ‘எம்.ஆர்.ஐ. பெல்விஸ்’ என்று மட்டும் எழுதியனுப்பும் மருத்துவர்களிடம் நான் மன்றாடிக் கேட்கிறேன்: இன்னும் இரண்டு வரி எழுதுங்கள். படம் எடுப்பவர்களிடமும் கேட்கிறேன்: வரிசையில் பத்துப் பேர் காத்திருந்தாலும் இந்த ஒருவருக்கான மெல்லிய படலங்களை விட்டுவிடாதீர்கள். அரை மணி, முக்கால் மணி நேரம் குழாய்க்குள் அந்த இடிமுழக்கச் சத்தத்தில் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று நோயாளியிடம் முன்பே பொறுமையாகச் சொன்னால் அவர் ஒத்துழைப்பார். சொல்லாமல் தள்ளிவிட்டால் பயத்தில் அசைவார், படம் வீணாகும்.

அறிக்கை எழுதும் என் துறையினருக்கு: ‘கட்டி பெரியதாக உள்ளது, கணுக்கள் காணப்படுகின்றன’ என்று எழுதுவது அறிக்கை ஆகாது. ஆசனவாயிலிருந்து உயரம், குடலைத் தாண்டிய ஆழம் மில்லிமீட்டரில், சவ்வுக்கு மிச்ச தூரம் மில்லிமீட்டரில், அது கடிகார முகப்பில் எந்த மணிப் பக்கம், இரத்தநாளம் தொடப்பட்டதா, சுருக்குத்தசை விடுபட்டிருக்கிறதா. இவை இல்லாத அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், கீமோதெரபி மருத்துவர் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தாலும் பயனில்லை.

நோயாளிகளின் குடும்பத்தாரும் இந்த அரங்கில் இருக்கலாம். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அறுவை நாள் குறிப்பதற்கு முன், சவ்வுக்கு எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. முதல் ஸ்கேனின் அறிக்கைத் தாளை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். படங்கள் பதிந்த குறுந்தட்டைக் கேட்டு வாங்கி, பத்திரப்படுத்தி, எந்த மருத்துவமனைக்குப் போனாலும் எடுத்துச்செல்லுங்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு எடுக்கும் இரண்டாவது ஸ்கேனில் தெரியும் கருந்தழும்பு எங்கிருந்து தொடங்கியது என்று அந்த முதல் படத்தை அருகில் வைத்துப் பார்த்தால்தான் எங்களால் சொல்ல முடியும்.